மாடத்தியின் மூன்று

சந்தனமாரிக்குத் தாகம் என்பதே இல்லாமல் போன அன்று அவள் செய்த முதல் காரியம், ஒரு தட்டு நெத்திலிக் கருவாட்டைப் பொரித்துத் தின்றுவிட்டு, பயிற்சி நிலையத்து மாடிப்படியில் அரை மணி நேரம் ஏறி இறங்கியதுதான். வேர்த்து ஊற்றியது. மூச்சு வாங்கியது. தண்ணீர் வேண்டும் என்ற நினைப்பு மட்டும் வரவே இல்லை. அவளுடைய தாகம் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாடத்தி மைனியிடம் போய்விட்டிருந்தது.

"எப்பிடி இருக்கு மைனி?"

"லேசா இருக்கு," என்றாள் மாடத்தி. "நாக்குல ஒன் கருவாடு இல்ல, அதோட விடாய் மட்டும் இருக்கு. நல்ல கூத்துதான்."

மாடத்தி, சந்தனமாரியின் அண்ணன் சுடலைமணியின் மனைவி. தூத்துக்குடி உப்பளத்தில் பதினெட்டு வருஷமாக உப்பு வாருகிறவள். சந்தனத்துக்குப் பத்து வயதாகும்போது இந்த வீட்டுக்கு வந்தாள். தாயில்லாத பிள்ளைக்குத் தலை பின்னிவிட்டது, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது, கடலில் நீந்தப் போகிறேன் என்றபோது அண்ணனிடம் சண்டை போட்டு அனுமதி வாங்கியது எல்லாம் அவள்தான். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருந்தாள். உப்பளத்துப் பக்கம் சந்தனம் தலை வைத்துப் படுக்கக் கூடாது. சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றால்கூட வேண்டாம் என்றுவிடுவாள்.

தாகத்தை இடம் மாற்றும் கருவியைக் கொண்டுவந்தவள் ஷமீமா. காயல்பட்டினத்துப் பெண், பொறியாளர், எப்போது பார்த்தாலும் தலைமுடியில் ஒரு பேனாவைச் செருகிவைத்திருப்பாள். காதுக்குப் பின்னால் ஒட்டுகிற சின்ன வில்லை, ஆளுக்கு ஒன்று. காதுக்குள் பேசிக்கொள்ள ஒரு பொத்தான். இவ்வளவுதான் சாமான்.

"தாகம் தொண்டையில இல்லக்கா, மூளையில இருக்கு," என்று மாடத்திக்கு அவள் விளக்கினாள். "அந்த உணர்ச்சிய இவங்ககிட்டருந்து எடுத்து உங்ககிட்ட குடுக்கோம். இவங்க ஓட்டத்துல மட்டும் புத்தியா இருப்பாங்க. எப்ப குடிக்கணும்னு நீங்க சொல்லுவீங்க."

அதற்கு ஒரு ஆள் எதற்கு, மிஷினே சொல்லாதா என்று கேட்டார் பயஸ் மாஸ்டர். துறைமுகப் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், சந்தனத்தின் பயிற்சியாளர். கடல் தண்ணீரில் நனைந்த தோலில் எந்த மிஷினும் வேர்வையைச் சரியாக அளக்காது என்றாள் ஷமீமா. மனுஷருக்கு மட்டும்தான் இன்னொரு மனுஷருடைய தாகம் தெரியும், அதனால்தான் போட்டிச் சட்டமே, தாகத்தை வாங்கிக்கொள்ளத் தாகத்துணை என்று ஒரு ஆள் கட்டாயம் வேண்டும் என்கிறது. துணை எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் ஓடுகிறவளுடைய தாகம் அடங்காது. ஓடுகிறவள் குடித்தால் ஒரே நிமிஷத்தில் துணைக்கு அடங்கிவிடும்.

பிறகு அவள் மாடத்தியிடம் ஒரு அட்டையைக் காட்டினாள். பூஜ்யம் என்றால் தாகமே இல்லை. பத்து என்றால், வாழ்க்கையில் உங்களுக்கு எடுத்ததிலேயே பெரிய தாகம். அதை நினைத்துக்கொண்டு இப்போது எத்தனை என்று சொல்லுங்கள்.

மாடத்தி கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் யோசித்தாள். கேட்டால் கேட்டதற்கு நேர்மையாகப் பதில் சொல்கிற ஆள் அவள்.

"ஒண்ணு," என்றாள்.

ஷமீமா சந்தோஷமாகக் குறித்துக்கொண்டாள். கருவாடு தின்று படியேறியும் ஒன்றுதான் என்றால் இந்த உடம்பு தண்ணீரை நன்றாகச் சேர்த்துவைக்கிற உடம்பு என்று அவளுக்குப் பட்டது. தப்பு அங்கேயே விழுந்துவிட்டது. யாருக்கும் தெரியவில்லை.

குறுந்தூர மும்முனைப் போட்டி என்றால் எழுநூற்றைம்பது மீட்டர் நீச்சல், இருபது கிலோமீட்டர் சைக்கிள், ஐந்து கிலோமீட்டர் ஓட்டம். ஒன்றே கால் மணி நேரச் சங்கதி. இதற்குப் போய் இவ்வளவு தண்ணீர்ப் பேச்சா என்று கேட்பவர்கள் மே மாதத்துத் தூத்துக்குடியை ஒரு முறை வந்து பார்த்துவிட்டுக் கேட்கலாம். நீச்சலில் குடிக்க முடியாது. ஓட்டத்தில் குடித்தால் வயிறு குலுங்கும். குடிப்பதை எல்லாம் சைக்கிளிலேயே முடித்துக்கொள்ள வேண்டும், ஆனால் பாட்டிலை எடுக்கக் கையை நீட்டும் ஒவ்வொரு தடவையும் இரண்டு நொடி போகும். அதனால் மாஸ்டர் கணக்காக ஒரு விதி வைத்தார். எண் நாலுக்குக் கீழே இருந்தால் தண்ணீரைத் தொடாதே. நாலிலிருந்து ஆறு வரை இரண்டு மடக்கு. ஏழு வந்தால் வேகத்தைக் குறைத்து நன்றாகக் குடி.

தேர்வுப் போட்டியில் முதல் நாலு இடத்துக்குள் வந்தால் மாநில அணியில் சேரலாம். விடுதி, பயிற்சி, அதன் பின்னால் ஒரு வேலை. சந்தனத்துக்கு வயது வரம்பு அந்த வருஷத்தோடு முடிகிறது. இதை விட்டால் அடுத்து இல்லை.

போட்டியன்று விடியற்காலையில் மாடத்தி நாலு இட்லி அவித்து, தொட்டுக்கொள்ள நாட்டுச் சர்க்கரை வைத்தாள். கருப்பட்டியும் எலுமிச்சையும் ஒரு சிட்டிகை உப்பும் கரைத்துச் சைக்கிள் பாட்டில் இரண்டிலும் ஊற்றினாள். "நம்ம உப்புதான், நான் வாருனது," என்றாள். ஆறரை மணிக்குத் தொடங்கியிருக்க வேண்டிய போட்டி, சிறப்பு விருந்தினர் வர நேரமானதால் எட்டரைக்குத் தொடங்கியது. வெயில் யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

நீச்சலிலிருந்து ஆறாவதாக வெளியே வந்தாள். சைக்கிளில் துறைமுகச் சாலையில் மூன்று பேரைத் தாண்டினாள். அப்படி ஒரு நாள் அவளுக்கு வாய்த்ததே இல்லை. மற்றவர்கள் நாக்கு வறண்டு பாட்டிலைத் தேடும்போது அவளுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. காதுக்குள் மைனியின் குரல் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வந்தது. ஒண்ணு. ரெண்டு. ரெண்டுதான். மூணு. "மூணுதாம்ட்டி, நீ பாட்டுக்குப் போ."

ஓட்டத்தில் இரண்டாவது இடத்தில் இருந்தாள். கடைசிக் கிலோமீட்டரில் சாலை வெளுப்பாகத் தெரிய ஆரம்பித்தது. வேர்வை நின்றுவிட்டிருந்தது, அதை அவள் கவனிக்கவில்லை. மைனி மறுபடியும் மூணு என்றாள். முடிவுக்கோட்டுத் தோரணம் தெரிந்த இடத்தில் முழங்கால் இரண்டும் மடிந்தன.

விழித்தபோது மருத்துவக் கூடாரத்தில் கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. எடை பார்த்தார்கள். காலையில் இருந்ததை விட ஒன்றே முக்கால் கிலோ குறைவு. இரண்டு பாட்டிலும் கிட்டத்தட்ட நிறைந்தபடியே சைக்கிளில் இருந்தன.

பயஸ் மாஸ்டர் கூடாரத்து வாசலில் மாடத்தியிடம் கத்திக்கொண்டிருந்தார். நம்பர் சொல்வது ஒன்றுதான் உன் வேலை, அதைக்கூடவா ஒழுங்காகச் செய்ய முடியவில்லை என்றார். தூங்கிவிட்டாளோ என்றார் தேர்வுக்குழு ஆள். இன்னொருவர் குரலைத் தாழ்த்தி, பிள்ளை விடுதிக்குப் போய்விட்டால் வீட்டு வேலைக்கு ஆள் ஏது, இவளுக்கு அனுப்ப மனசிருக்காது என்றார். அது சந்தனத்தின் காதில் விழுந்தது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவளும் அதை நம்பினாள். அந்த நொடியை நினைத்து இன்றைக்கும் அவளுக்குத் தலை குனிந்துவிடும்.

"உள்ளதைத்தான் சொன்னேன் மாஸ்டர்," என்று மாடத்தி திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தாள். "எனக்கு மூணுதான் இருந்துச்சு. நான் ஏன் பொய் சொல்லப் போறேன்."

மாஸ்டரின் கத்தலை நிறுத்தவைத்தவள் ஷமீமாதான். அவள் மாடத்தியைக் கூடாரத்துக்குள் அழைத்து, கட்டில் ஓரத்தில் உட்காரவைத்து, முன்னமே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அப்போது கேட்டாள். பத்துன்னா எதை நினைச்சீங்கக்கா?

மாடத்தி சந்தனத்தைப் பார்த்தாள். சொல்லலாமா என்று யோசிப்பது தெரிந்தது.

"இவ பத்தாங்கிளாஸ் பரீட்சை எழுதுன வருசம். தண்ணி வண்டி வரல. மத்தியானம் உப்புப் பாத்திக்குள்ளயே விழுந்துட்டேன். வாயெல்லாம் உப்புத்தண்ணி. நாலு பேரு வரப்புல தூக்கிப் போட்டாவ. அதான் பத்து. அதுக்கு முன்னால இவ தாகம் எல்லாம் என்ன இருக்கு?"

அப்படி விழுந்த அன்று சாயங்காலமும் மைனி சோறு வடித்தாள், பரீட்சை எப்படி எழுதினாய் என்று கேட்டாள். சந்தனத்துக்கு நன்றாக நினைவிருந்தது. மைனி குளித்த தலையோடு வேலையிலிருந்து வந்திருந்தாள், அதையும் சந்தனம் அப்போது சாதாரணமாகத்தான் பார்த்தாள்.

வில்லையைத் தலைகீழாகப் போடலாமா என்று சந்தனம் ஷமீமாவைக் கேட்டாள். மைனியின் தாகம் தனக்கு வருகிற மாதிரி. சோதனைக்காக அப்படி ஒரு வழி உண்டுதான் என்று ஷமீமா தயங்கினாள். மாஸ்டர் வேண்டாம் என்றார். சந்தனம் கையை நீட்டிக்கொண்டே இருந்தாள்.

ஷமீமா பொத்தானை அழுத்தினாள்.

முதலில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அதைப் பிரித்தெடுப்பதற்குள் தொண்டை முழுக்க வெயிலில் காய்ந்த சாக்கு மாதிரி ஆகிவிட்டது. எச்சில் விழுங்கப் பார்த்தாள், எச்சிலே இல்லை. கூடாரத்து மூலையில் ஐஸ் பெட்டி இருந்தது. அதைத் தவிர வேறு எதையும் பார்க்க முடியவில்லை. யாரோ பேசினார்கள், காதில் ஏறவில்லை. கட்டிலிலிருந்து இறங்கி ஊசியோடு அந்தப் பெட்டிக்கு ஓடிவிடலாம் போல இருந்தது.

"எட்டு," என்றாள். "இல்ல, ஒம்போது. நிறுத்துங்க, நிறுத்துங்க."

ஷமீமா நிறுத்தினாள். மாடத்தியிடம் திரும்பி, இப்போது உங்களுக்கு எத்தனை அக்கா என்று கேட்டாள்.

"இப்பவா?" மாடத்தி குழம்பிப்போனாள். "இப்பப் பெருசா ஒண்ணும் இல்லையே. மூணுன்னு வேணா போட்டுக்கோங்க."

மாஸ்டர் அதற்குப் பிறகு கத்தவில்லை. வெளியே போய் நின்றுகொண்டார்.

காலையிலிருந்து ஏன் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று சந்தனம் அழுதுகொண்டே கேட்டாள். இதற்குப் போய் ஏன் அழுகிறாய் என்பது போல மாடத்தி அவள் தலையைத் தடவினாள்.

"குடிச்சா ஒதுங்கப் போவணும்லா. அளத்துல பொம்பளையளுக்கு எங்க இருக்கு எடம்? கண்ணுக்கெட்டுன தூரம் வெள்ளையாக் கெடக்கு, ஒரு செடி கெடையாது. காலையில வீட்டுல போனா சாயந்தரம் வீட்டுலதான். எல்லாரும் அப்பிடித்தான் சந்தனம். நான் மட்டுமா."

கருவியைச் சரியாக ஒத்துப் பார்க்காதது தன் தவறு என்று ஷமீமா எழுதிக் கொடுத்தாள். தேர்வுக்குழு கூடிப் பேசி ஒரு வழி சொன்னது. மூன்று வாரம் கழித்து சந்தனம் தனியாக ஓடலாம். நாலாவதாக வந்தவளின் நேரம் ஒரு மணி பதினாறு நிமிஷம். அதற்குள் முடித்தால் ஐந்தாவது இடம் ஒன்று கொடுப்போம்.

மதுரையில் தேர்ந்த துணை ஒருத்தி இருக்கிறாள், எண் சொன்னால் அரை எண்கூடப் பிசகாது, அவளை வரவழைப்போம் என்றார் மாஸ்டர். சந்தனம் மாட்டேன் என்றாள். மைனி மூணு என்றால் அது எட்டு என்று எனக்கு இப்போது தெரியும், எனக்குத் தெரிந்தால் போதாதா என்றாள். மாஸ்டர் நெற்றியைத் தேய்த்தார். வாய்ப்பாடு மாதிரி அதை வைத்து ஓடலாம் என்பது அவருக்கே பிடித்துத்தான் இருந்தது.

ஆனால் ஷமீமா ஒரு சிக்கலைச் சொன்னாள். தினமும் ஒழுங்காகத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தால் அக்காவுக்கு மழுங்கிப்போன உணர்ச்சி திரும்பி வரும். மூன்று வாரத்தில் எவ்வளவு வரும் என்று சொல்ல முடியாது. அப்புறம் மூணு என்றால் எட்டா, அஞ்சா, மூணேதானா, யாருக்கும் தெரியாது. வாய்ப்பாடு செல்லுபடியாக வேண்டுமானால் அக்கா இப்போது இருக்கிற மாதிரியே இருக்க வேண்டும்.

"அதுக்கென்ன," என்றாள் மாடத்தி உடனே. "பதினெட்டு வருசம் இருந்துட்டேன், இன்னும் மூணு வாரம் தான. நான் குடிக்கல."

அன்று ராத்திரி சாப்பாட்டில் சந்தனம் ஒரு செம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து மைனியின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். மாடத்தி அதைத் தள்ளிவைத்தாள். சந்தனம் மறுபடியும் நகர்த்திவைத்தாள். இப்படி நாலு தடவை நடந்தது. லாரி ஓட்டிவிட்டு அலுத்து வந்து உட்கார்ந்திருந்த சுடலைமணி, இது என்ன புது விளையாட்டு என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் தோத்தாலும் பரவாயில்ல மைனி. நீங்க குடிக்காம இருந்து எனக்கு ஜெயிக்க வேண்டாம்."

"பேசுதா பாரு பேச்சு," என்றாள் மாடத்தி. ஆனாலும் குடித்தாள், அரைச் செம்பு.

மறுநாள் சந்தனம் உப்பளத்துக்குப் போனாள். மாடத்தி எவ்வளவோ திட்டியும் கேட்கவில்லை. அண்ணனும் அவளுமாக லாரியில் ஓலைத்தட்டி கொண்டுபோய் வரப்பு ஓரத்தில் நாலு பக்கமும் மறைப்பு கட்டி, குழி தோண்டி, ஒரு டிரம்மில் தண்ணீர் வைத்தார்கள். அளத்துப் பெண்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு ஒருத்தி போனாள். அப்புறம் வரிசையே நின்றது. மூன்றாம் நாள் கணக்கப்பிள்ளை அதைப் பிடுங்கிப்போட்டார், உப்பளம் அசுத்தமாகுமாம். நாலாம் நாள் பெண்களே திரும்பக் கட்டினார்கள். இரண்டாம் தடவை பிடுங்கியபோது அன்றைக்கு யாரும் பாத்தியில் இறங்கவில்லை. அதற்கப்புறம் அவர் அந்தப் பக்கம் பார்ப்பதை விட்டுவிட்டார். வீட்டில் மாடத்தி, இப்போதெல்லாம் பத்து மணிக்கே நாக்கு வறளுகிறது, முன்னால் இப்படி இல்லை, என்னைக் கெடுத்து வைத்துவிட்டாய் என்று குறைப்பட்டுக்கொண்டாள். சந்தனத்துக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. மைனி சொல்கிற எண்ணுக்கு இனி என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாது.

மறு ஓட்டத்தன்று துணைக்கு ஒதுக்கிய கூடாரத்துக்குப் பத்தடி தள்ளிப் பூட்டுப் போட்ட கழிப்பறை ஒன்று இருக்க வேண்டும் என்று சந்தனம் எழுதிக் கேட்டிருந்தாள். இருந்தது. சாவியை ஷமீமா மாடத்தியின் கையிலேயே கொடுத்துவிட்டாள்.

நீச்சல் நன்றாகப் போனது. சைக்கிளில் மைனியின் குரல் வந்தது. ரெண்டு. மூணு. சந்தனம் எதையும் கழித்துக் கூட்டிப் பார்க்கவில்லை, எண் எதுவானாலும் இரண்டு மடக்குக் குடித்தாள். ஒரு பாட்டில் காலியானது, அடுத்ததும் பாதி. ஓட்டத்தில் ஏறும்போது கையில் ஒன்றரை நிமிஷம் உபரி இருந்தது. நாலாவது கிலோமீட்டரில் குரல் மாறியது.

"ஏட்டி சந்தனம். ஒம்போது."

பழைய கணக்கில் மைனி வாயிலிருந்து ஒன்பது வந்தால் ஆள் பிழைக்காது. தன் உடம்பு என்ன நிலையில் இருக்கிறது என்று தனக்கே தெரியாமல் செய்துவிட்ட அந்தக் கருவியை அவள் முதல் தடவையாக வெறுத்தாள். சாலையோரத்தில் நின்ற மாஸ்டரிடம் கோப்பையை வாங்கி நின்று குடித்தாள். இன்னொன்றும் வாங்கிக் குடித்தாள். நெற்றியைத் தடவிப் பார்த்தாள், வேர்வை ஓடிக்கொண்டுதான் இருந்தது. மறுபடி ஓடினாள். ஒரு நிமிஷம் போனது.

"இப்ப எத்தனை மைனி?"

"கொறையவே இல்லையே. ஒம்போதுதான். நீ நின்னுரு, ஓடாத. ஜெயிச்சது போதும், நின்னுரு பிள்ள."

சந்தனம் ஓடிக்கொண்டே யோசித்தாள். நான் குடித்தால் ஒரு நிமிஷத்தில் அடங்க வேண்டும். அடங்கவில்லை.

"மைனி, காலையில இருந்து நீங்க என்ன குடிச்சிய?"

"அதெல்லாம் எதுக்கு இப்ப, நீ நின்னுரு."

"கேக்கேன்லா."

"குடிக்கல," என்றாள் மாடத்தி, பிடிபட்ட பிள்ளை மாதிரி. "நான் குடிச்சு ஒன் நம்பரு கொழம்பிப் போயிரக் கூடாதுன்னு நேத்து ராத்திரியில இருந்தே குடிக்கல."

"அது என் தாகம் இல்ல மைனி. உங்க தாகம். குடிங்க."

"நீ மொதல்ல முடி. நான் அப்புறமா குடிக்கேன்."

சந்தனம் நின்றுவிட்டாள். நட்ட நடுச் சாலையில், முடிவுக்கோட்டுக்கு நானூறு மீட்டர் இருக்கும்போது, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். மாஸ்டர் பின்னாலிருந்து ஏதோ கத்தினார். கடிகாரம் அது பாட்டுக்கு ஓடியது. அவள் கடைசியில் பதினொரு நொடி மிச்சம் வைத்து முடித்தாள் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஆனால் அந்த இடத்தில் நின்றபோது அது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் தெரியாவிட்டாலும் நின்றுதான் இருப்பாள்.

"நீங்க குடிக்காம நான் ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன்."

காதுக்குள் ஒரு மூடி திருகும் சத்தம் கேட்டது. பிறகு மடக்கு மடக்கென்று, மூச்சு விடாமல், ஒரு பாட்டில் முழுவதும் ஒரு தொண்டைக்குள் இறங்கும் சத்தம். சந்தனம் மெதுவாக ஓட ஆரம்பித்தாள், அது நின்றுவிடக் கூடாதே என்று தன் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு. அந்த வீட்டில் ஒரே தட்டில் தின்று, ஒரே பாயில் படுத்து வளர்ந்தவள்தான். மைனி தாகம் தீரக் குடிப்பதை அவள் கேட்டது அன்றைக்குத்தான்.